வாசிகசாலைச் சுவருக்கு ஒரு கல்லச்சு முகம்: ஐந்து தெரிவுகளின் ஒப்பீடு

வெள்ளவத்தையிலுள்ள ஒரு சிறிய வாசிகசாலை தன் வாசிப்பு மண்டபத்தின் உட்சுவரில் கல்லச்சு உருவப்படம் ஒன்றை நிரந்தரமாக மாட்டிவைக்க விரும்புகிறது. காலையில் பத்திரிகை வாசிக்க வரும் முதியவர்களும், பிற்பகலில் உயர்தர வகுப்புச் சித்திரப் பாடத்துக்குக் குறிப்பெடுக்க வரும் மாணவர்களும் அதன் முன்னால் நின்று பார்க்க வேண்டும். ஒரு மனித முகத்தைக் கல்லில் வரைந்து தாளில் எடுப்பது எப்படிப்பட்ட வேலை என்பதை அந்த ஒரே படத்திலிருந்து அவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். சேர்ந்திருக்கும் நன்கொடை ஒரு நல்ல படத்துக்குப் போதும், இரண்டுக்குப் போதாது. ஆகவே எதை வாங்குவது என்பதைத் தீர யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

முன்வைக்கப்பட்ட யோசனைகள் ஐந்து. நோர்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1895 இல் செய்த தன்னுருவப்படத்தின் தரமான மறுபதிப்பு முதலாவது. அமெரிக்க ஓவியர் விஸ்லர் 1892 இல் வரைந்த பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மேயின் உருவப்படம், அதுவும் மறுபதிப்பாக, இரண்டாவது. அன்பர் ஒருவரின் வீட்டிலிருந்து கிடைக்கக்கூடிய ரவிவர்மா அச்சகத்துச் சரஸ்வதி மூன்றாவது. பாரிஸ் நகரில் பத்திரிகைத் தாளாகவே வெளிவந்த ஒனொரே தோமியேயின் கேலி உருவப்படங்களில் ஓர் அசல் தாள் நான்காவது. வியன்னா நகரத்து யோசெஃப் கிரீஹூபர் வரைந்த உருவப்படங்களில் ஒன்றின் அசல் படி, அதாவது அவர் வரைந்த கல்லிலிருந்தே அச்சிட்ட தாள், ஐந்தாவது. ஓவியர்களின் புகழை வைத்து அளந்தால் மூங்க் முன்னுக்கு நிற்பார். வாசிகசாலையின் நோக்கத்தை வைத்து அளந்தால் வரிசை தலைகீழாகிறது. கலைஞரின் கை கல்லில் செய்த வேலை, சுவரில் தொங்கும் அந்தத் தாளிலேயே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே நான் கைக்கொண்ட அளவுகோல். அதன்படி நான் கிரீஹூபரின் அசல் படியையே பரிந்துரைக்கிறேன். ஏனையவற்றை ஏன் விடுகிறேன் என்பதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு, ஏனெனில் அவற்றுள் இரண்டு கிரீஹூபரின் எந்தப் படத்தையும் விட உயர்ந்த கலை.

ஒப்பீட்டுக்குள் நுழையுமுன் முறையைச் சற்று விளக்கியாக வேண்டும். கல்லச்சை 1796 அளவில் ஜேர்மனியின் மியூனிக் நகரில் அலோயிஸ் செனஃபெல்டர் கண்டறிந்தார். அதற்கு முன்பு படம் அச்சிட்ட முறைகள் மேட்டையோ பள்ளத்தையோ நம்பியிருந்தன. மரக்கட்டையில் மேடாக நிற்கும் பகுதி மையைத் தாளுக்குக் கொடுக்கும். செப்புத் தகட்டில் கீறிய பள்ளம் மையைத் தேக்கிவைத்துக் கொடுக்கும். செனஃபெல்டரின் கல்லில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கொழுப்பும் நீரும் ஒன்றையொன்று ஒதுக்கும் என்ற ஒரே உண்மையில் அந்த முறை முழுவதும் நிற்கிறது. பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் பகுதியில் எடுக்கப்படும் மிக நுண்ணிய சுண்ணாம்புக்கல்லைச் சமமாக அரைத்து, மெழுகு, சவர்க்காரம், விலங்குக் கொழுப்பு, விளக்குக்கரி ஆகியவற்றால் செய்த கிரேயோனால் அதன்மீது ஓவியர் வரைகிறார். பின்னர் வேலம்பிசின் கரைசலில் சில துளி நைத்திரிக் அமிலம் கலந்து கல்லின் மீது பூசுகிறார்கள். வரையாத இடம் நீரை ஏற்கும் தன்மையை உறுதியாகப் பெறுகிறது. வரைந்த இடம் கொழுப்பைப் பிடித்துக்கொள்கிறது. கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால் கோடும் நிழலும் மையை ஏற்க, ஈரமான வெற்றிடம் அதை மறுத்துவிடுகிறது. அதன்மேல் தாளை வைத்து அழுத்தியதும் படம் பிறக்கிறது.

முக ஓவியத்துக்கு இந்த முறை ஏன் அவ்வளவு பொருந்தியது என்பதற்குக் காரணம் கல்லின் மேற்பரப்பில் இருக்கிறது. புதிதாகக் கொத்திய அம்மியின் முகத்தை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியதாகச் சுருக்கிப் பார்த்தால் கல்லச்சுக் கல்லின் மணி, அதாவது அதன் நுண்ணிய சொரசொரப்பு, எப்படியிருக்கும் என்பது விளங்கும். மணலையோ அதையொத்த உராய்பொருளையோ நீருடன் இட்டு, கல்லைக் கல்லால் தேய்த்து அந்த மணியை உண்டாக்குவார்கள். மெல்லத் தடவினால் கிரேயோன் அந்த மணியின் உச்சிகளை மட்டும் தொடும். அழுத்தினால் இடைவெளிகளுக்குள்ளும் இறங்கும். ஆகவே கன்னத்தில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும் அந்த நீண்ட, முறிவில்லாத சரிவை ஓவியரின் விரல் அழுத்தமே நேரடியாக உருவாக்குகிறது. செப்புத் தகட்டு முறையில் இதே சரிவுக்காகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளைப் பின்ன வேண்டியிருந்தது, பெரும்பாலும் ஓவியர் வரைந்ததை வேறொரு செதுக்குநர் தன் கோட்டு மொழிக்கு மாற்றிக்கொண்டார். கல்லச்சில் அந்த இடைத்தரகர் விலகிக்கொள்கிறார். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கும்போது ஒழுங்கில்லாத கறுந்துகள்கள், எங்கும் ஒரே அளவில் இல்லாமல், கை அழுத்திய இடத்தில் நெருங்கியும் தளர்ந்த இடத்தில் விலகியும் தெரியும். இந்தத் துகள்களைப் பார்க்கத் தெரிந்துகொள்வதுதான் கல்லச்சு உருவப்படத்தை ரசிப்பதற்கான முதற்படி என்று நான் கருதுகிறேன்.

இன்னொரு செய்தியும் பின்னால் உதவும். கல்லில் வரைந்தது தாளில் இடம்வலமாக மாறிவிடும். இடத்தோளில் சால்வை போட்ட நம் பெரியவர் ஒருவரைப் பார்த்தபடியே கல்லில் வரைந்தால், அச்சில் சால்வை வலத்தோளுக்குப் போயிருக்கும். தலைவகிடும், சட்டைப் பொத்தானின் பக்கமும், எழுத்தும் அப்படியே. தேர்ந்த கல்லோவியர் முகத்தை மனத்தில் திருப்பிப் போட்டே வரைவார், அல்லது கண்ணாடியில் பார்த்து வரைவார். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்கும் முகம் உலகில் இல்லையாதலால், இந்தத் திருப்பம் உருவ ஒற்றுமையையே சோதிக்கும்.

இனி மூங்க். 1895 இன் தன்னுருவப்படத்தைக் கல்லச்சு முகங்களில் ஆகச் சிறந்த சிலவற்றுள் ஒன்றாக வைக்க நான் தயங்கமாட்டேன். தாளின் பெரும்பகுதி அடர்ந்த கறுப்பு. முப்பது வயதைச் சற்றே கடந்த ஓவியரின் முகமும் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் அந்தக் கறுப்பிலிருந்து தனியே எழுகின்றன. உடல் இல்லை, அதாவது உடலும் பின்னணியும் ஒரே கறுப்புக்குள் கரைந்துவிட்டன. மேலே ஒரு பட்டையில் பெயரும் ஆண்டும். கீழ் விளிம்பில், கிடையாக, ஒரு கையின் எலும்பு. இந்த அமைப்பு ஒரு நினைவுக் கல்லை ஒத்திருப்பதும், உயிரோடிருப்பவர் தன் நினைவுக் கல்லைத் தானே வரைந்திருப்பதும் உடனே புரியும். தொழில்நுட்பம் இங்கே அலங்காரமாக இல்லாமல் பொருளாகவே ஆகியிருக்கிறது. கறுப்புக்குத் தூரிகையால் பூசும் திரவக் கொழுப்பு மையை மூங்க் எடுத்துக்கொண்டார். முகத்துக்குக் கிரேயோனின் மெல்லிய தடவலை வைத்துக்கொண்டார். பூசிய மை ஒளியை விழுங்குகிறது, கிரேயோன் துகள்கள் ஒளியை உள்ளே விடுகின்றன, ஆகவே ஒரே கல்லில் இரண்டு விதமான பொருண்மை உண்டாகி, முகம் மட்டும் மூச்சுவிடுவதாகத் தோன்றுகிறது. பின்னாளில் எடுத்த சில படிகளில் கையெலும்பையும் எழுத்தையும் அவர் கறுப்பால் மூடிவிட்டார். எலும்பு நீங்கிய படியில் தனிமை கூடுகிறது, ஆனால் கீழ் விளிம்பின் கனம் போய்விடுவதால் முகம் மிதக்கத் தொடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். எலும்புள்ள படியையே நான் விரும்புகிறேன்.

இவ்வளவையும் சொன்ன பிறகு அந்தப் படத்தை ஏன் வேண்டாம் என்கிறேன்? நமக்குக் கிடைக்கப்போவது மறுபதிப்பு. ஓப்செட் இயந்திரம் எந்தப் படத்தையும் ஒழுங்கான புள்ளிவலையாக உடைத்தே அச்சிடும். மைத்தாரை (இங்க்ஜெட்) இயந்திரம் வண்ணத் துளிகளைத் தெளித்து அதன் சாயலை உண்டாக்கும். இரண்டிலும், பூசிய கறுப்புக்கும் தடவிய கறுப்புக்கும் இருந்த வேறுபாடு ஒரே மையின் கூடுதல் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. மேலே விவரித்த பொருண்மை வேறுபாடுதான் அந்தப் படத்தின் உயிர் என்றால், மறுபதிப்பில் நாம் பார்ப்பது அமைப்பை மட்டுமே. மாணவர் ஒருவர் உருப்பெருக்கியை அதன்மேல் பிடித்தால் வண்ணப் புள்ளிகளே தெரியும், கல்லின் மணி தெரியாது. அமைப்பைப் படிப்பதற்கு அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் பெரிய கோப்புகள் போதும். அவற்றை வாசிகசாலையின் கணினித் திரையில் பெருக்கிப் பார்ப்பது சுவரில் மாட்டிய மறுபதிப்பை விடப் பயனுள்ளது, செலவும் இல்லை.

விஸ்லரின் மல்லார்மே இதற்கு நேர்எதிரான அழகு. கறுப்பே இல்லை என்று சொல்லுமளவுக்குச் சாம்பல். முகத்தில் மட்டும் கிரேயோன் சற்று நின்று வேலை செய்திருக்கிறது. உடல் அவசரமான, இளகிய கீற்றுகளாகத் தாளுக்குள் கரைந்துபோகிறது. கவிஞரின் கவிதையும் உரைநடையும் சேர்ந்த தொகுப்பு 1893 இல் வெளிவந்தபோது அதன் முகப்புப் படமாக இது இடம்பெற்றது. ஒரு சொல்லைக்கூட அழுத்திச் சொல்ல விரும்பாத கவிஞரின் முகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கோடு அமையாது.

ஆனால் விஸ்லர் இதைக் கல்லில் வரையவில்லை. பசை பூசிய ஒரு சிறப்புத் தாளில் கொழுப்புக் கிரேயோனால் வரைந்து, பின்னர் அத்தாளைக் கல்லின்மேல் குப்புற வைத்து அழுத்தி, கோட்டைக் கல்லுக்கு மாற்றும் முறையைக் கையாண்டார். இதில் வசதிகள் பல. கனத்த கல்லைத் தூக்கித் திரிய வேண்டியதில்லை. எதிரிலிருப்பவரின் வரவேற்பறையிலேயே வரையலாம். படம் இருமுறை திரும்புவதால் தாளில் வரைந்த பக்கமே அச்சிலும் வரும், இடத்தோள் சால்வை இடத்தோளிலேயே இருக்கும். கல்லின் மணிக்குப் பதிலாகத் தாளின் நெசவு படத்தில் பதிவதும், கல்லில் நேரடியாகச் செய்யக்கூடிய சுரண்டலும் ஆழ்ந்த கறுப்பும் கைநழுவிப்போவதும் அதற்குரிய விலை. இது உண்மையான கல்லச்சுத்தானா என்ற கேள்வி 1897 இல் இலண்டன் நீதிமன்றம் வரை சென்றது. மாற்றுத் தாளில் வரைந்தவற்றைக் கல்லச்சு என்று விற்பதைக் கண்டித்து ஓவியர் வால்ட்டர் சிக்கர்ட் பத்திரிகையில் எழுத, அதில் குறிப்பிடப்பட்ட ஜோசஃப் பெனல் அவதூறு வழக்குத் தொடர்ந்தார். சிக்கர்ட்டின் பழைய ஆசானான விஸ்லர் பெனலின் பக்கம் சாட்சி சொன்னார், பெனல் வென்றார். வழக்கின் முடிவு எனக்கும் உடன்பாடே. கொழுப்பும் நீரும் கல்லில் சந்தித்துப் பிறந்த படம் எதுவோ அது கல்லச்சு. எனினும் கல்லின் இயல்பைக் கற்பிக்க வேண்டிய ஒரே படமாக, கல்லின் மணியைத் தவிர்த்து வரைந்த ஒன்றைத் தேர்வது பொருந்தாது. அசல் படி சந்தைக்கு வந்தாலும் அதன் விலை நம் நன்கொடைக்கு எட்டாது என்பதால், மறுபதிப்பின் குறை இங்கேயும் சேர்ந்துகொள்கிறது. விஸ்லரின் அந்த இளஞ்சாம்பல் துகள்கள் ஓப்செட்டில் மூங்கின் கறுப்பை விட மோசமாகப் பாழாகும்.

சரஸ்வதிப் படத்தைப் பற்றிப் பேசும்போது கவனம் தேவை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ் வீடுகளின் விறாந்தைகளிலும் சுவாமி அறைகளிலும் மூன்று நான்கு தலைமுறைகளாக இப்படங்கள் இருந்துவந்திருக்கின்றன. கொழும்பில் சார்லிஸ் மாஸ்டர் வரைந்த பௌத்த வண்ணப்படங்கள் சிங்கள வீடுகளில் பெற்ற இடமும் இதை ஒத்ததே. ரவிவர்மா தன் அச்சகத்தை 1894 இல் பம்பாயில், ஜேர்மனியிலிருந்து தருவித்த இயந்திரங்களையும் தொழில்நுட்பர்களையும் கொண்டு தொடங்கினார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் என்பதே வண்ணக் கல்லச்சின் அடிப்படை. கொடெஃப்ருவா எங்கெல்மான் 1837 இல் பிரான்சில் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். மூல ஓவியத்தைப் பார்த்து, மஞ்சள் எங்கே, இளஞ்சிவப்பு எங்கே, நீலம் எங்கே என்று பிரித்து, ஒவ்வொரு கல்லிலும் நுண்ணிய புள்ளிகளாகக் குத்திவைத்த கைத்தொழிலாளரின் திறமை வியப்புக்குரியது. சரஸ்வதியின் கன்னத்தைப் பெருக்கிப் பார்த்தால் பல நிறப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரு சருமத்தை உண்டாக்கியிருப்பது தெரியும். சிலவற்றுக்கு மேலே வார்னிஷ் பூசி, துணியின் நெசவு தெரியும்படி அழுத்தி, எண்ணெய் ஓவியம் போலாக்கினார்கள். நம்மவர்கள் சிலர் அதன்மேல் சரிகையும் பட்டும் ஒட்டித் தேவியை அலங்கரித்தார்கள்.

இப்படத்தை ஏற்க நான் தயங்குவது, கல்லச்சு தன்னை மறைத்துக்கொண்டு எண்ணெய் ஓவியமாகத் தோன்ற முயல்கிறது என்பதால். வரைந்த கை வேறு, புள்ளி குத்திய கை வேறு; வார்னிஷ் இரண்டையும் மூடிவிடுகிறது. மேலும் அது வணங்கப்பட்ட படம். அதை ஒரு தொழில்நுட்ப மாதிரியாக மாட்டி உருப்பெருக்கி பிடிப்பதைப் பார்க்கும் முதியவர்கள் மனம் சங்கடப்படலாம். அன்பர் அதைத் தந்தால் வாசிகசாலை நன்றியுடன் பெற்று, நவராத்திரிக் காலத்தில் அதற்குரிய மரியாதையுடன் வைக்கட்டும்.

தோமியேயிடம் வரும்போது முடிவெடுப்பது உண்மையாகவே கடினமாகிறது. அசல் தாள், நம் கைக்கெட்டும் விலை, உருவத்தைப் பற்றிய அறிவில் இந்த ஐவருள் எவரும் அவருக்கு அருகில் வரமுடியாது. 1832 இல் தொடங்கிய லெ ஷாரிவாரி நாளிதழுக்கும் அதையொத்த வேறு இதழ்களுக்குமாக அவர் வாழ்நாளில் ஏறத்தாழ 4000 கல்லச்சுகளை வரைந்தார். 1830களின் முற்பகுதியில் அரசியல்வாதிகளின் முகங்களை வரையுமுன் அவர்களின் தலைகளைச் சிறிய களிமண் உருவங்களாகப் பிசைந்து வைத்துக்கொண்டார். அவற்றுள் எஞ்சியவை இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த முன்வேலையின் பலன் கல்லில் தெரிகிறது. தோமியேயின் முகங்களுக்குப் பின்மண்டை உண்டு. மூக்கின் நிழல் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் தூரத்தைச் சொல்லும், தாடை கழுத்தின்மேல் எவ்வளவு கனத்துடன் உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும். நிழலைக் கறுப்பாகப் பார்க்காமல் பருமனாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள விரும்பும் மாணவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. 1834 இல் வெளிவந்த, சட்டமன்ற உறுப்பினர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் அவருடைய பெரிய படத்தில் ஒவ்வொரு வயிறும் ஒவ்வொரு தலையும் தன் எடையைத் தானே அறிவிக்கும்.

தயக்கங்கள் இரண்டு. நாளிதழ்த் தாளில் வெளிவந்த படிகளின் பின்பக்கத்தில் அச்செழுத்து உண்டு. அது ஊடுதெரிந்து, முகத்தின் மெல்லிய நிழல்களுடன் கலந்துவிடும். ஒரே கல்லிலிருந்து மிகப் பல தாள்கள் எடுக்கப்பட்டதால் பின்னால் வந்த படிகளில் நுண்துகள்கள் தேய்ந்தும், நிழல்கள் அடைத்தும் போயிருக்கும். எழுத்தில்லாத வெள்ளைத் தாளில் தனியாக எடுத்த படிகளும் உண்டு, ஆனால் அவை அரியவை, விலையும் கூடியவை. மற்றத் தயக்கம் இன்னும் ஆழமானது. கேலிச்சித்திரம் தன் எதிரியை அறிந்தவருக்காக வரையப்படுவது. பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பின் ஆட்சிக்கால அமைச்சர் ஒருவரின் தொங்கிய கன்னம் ஏன் அப்படி வரையப்பட்டது என்பதை வெள்ளவத்தையில் ஒரு முதியவருக்கு விளக்க, படத்தின் பக்கத்தில் ஒரு வரலாற்றுக் குறிப்பு ஒட்ட வேண்டும். மக்கள் அந்தக் குறிப்பை வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள் என்பது என் அச்சம்.

கிரீஹூபரிடம் அத்தகைய விளக்கம் எதுவும் தேவையில்லை. 1800 இல் பிறந்து 1876 இல் இறந்த இந்த வியன்னாக்காரர், ஏறக்குறைய 3000 உருவப்படங்களைக் கல்லில் வரைந்தார். பிரபுக்கள், படையதிகாரிகள், வைத்தியர்கள், நடிகைகள், இசைக்கலைஞர்கள் எனத் தன் நகரம் முழுவதையும் கிரேயோனால் பதிவுசெய்தார். இசையமைப்பாளர்களான லிஸ்ட்டையும் ஷூமனையும் இன்று நாம் எந்த முகத்துடன் நினைக்கிறோமோ அதில் ஒரு பங்கு அவர் கொடுத்தது. ஒவ்வொரு கல்லிலிருந்தும் நிறையப் படிகள் எடுக்கப்பட்டு விற்கப்பட்டதனால், ஐரோப்பியப் பழைய அச்சுப்பட வணிகர்களிடம் அவை இன்றும் கிடைக்கின்றன. புகைப்படம் வந்தபின், 1850களிலும் 60களிலும் இந்தத் தொழில் விரைவாகச் சுருங்கியது. நிழற்படக் கூடம் ஒரு மணிநேரத்தில் தருவதற்கு ஓவியர் கல்லின் முன் நாள்கணக்கில் உட்காருவதை மக்கள் விரும்பவில்லை. ஆகவே கிரீஹூபரின் நல்ல படி ஒன்று, கல்லச்சு முகம் தன் உச்சத்தில் நின்ற முப்பது ஆண்டுகளின் நேரடிச் சான்று.

அவர் வழக்கமாகக் கையாண்ட அமைப்பைக் கவனிக்க வேண்டும். முகம் முக்கால் திருப்பத்தில் இருக்கும், அதாவது ஒரு கன்னம் முழுதாகவும் மற்றது விளிம்பாகவும் தெரியும். கண், இமை, உதட்டு மூலை ஆகியவற்றில் கிரேயோன் ஊசிமுனையாகக் கூர்மைப்பட்டிருக்கும். கழுத்துக்குக் கீழே அதே கிரேயோன் பக்கவாட்டில் சாய்ந்து, மேலங்கியை அகன்ற தடவல்களால் சொல்லும். மார்புக்குக் கீழே கோடுகள் தளர்ந்து, சில வளைவுகளாகி, தாளின் வெண்மைக்குள் நின்றுவிடும். பின்னணி பெரும்பாலும் வெறுந்தாள். கண்ணை முகத்தில் நிறுத்திவைப்பதற்காக ஓவியர் கவனத்தை எப்படிப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகிறார் என்பதை ஒரு மாணவர் விரல்வைத்துத் தொடரலாம். எதை முடிப்பது, எதை முடிக்காமல் விடுவது என்ற இந்தத் தெரிவுதான் உருவப்பட வடிவத்தின் மையம் என்று நான் நம்புகிறேன். பார்ன்ஸ் பிளேசிலுள்ள சப்புமல் மன்றத்தில் ஹரி பீரிஸ் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த முகங்களைப் பார்த்தவர்கள் இந்தப் பிரச்சினையை வேறோர் ஊடகத்தில் சந்தித்திருப்பார்கள். வாசிகசாலைப் படத்தைப் பார்த்த மாணவர்களை அங்கே அழைத்துச்சென்றால், கல்லில் ஒருவர் விட்ட இடத்தையும் திரைச்சீலையில் மற்றவர் நிரப்பிய இடத்தையும் அருகருகே நினைத்துப் பார்க்க முடியும்.

வெளிச்சத்தைக் கிரீஹூபர் எப்படிப் பெற்றார் என்பது அடுத்த பாடம். கல்லச்சில் வெள்ளை மை இல்லை. வெண்மை என்பது ஓவியர் தொடாமல் விட்ட தாள். கொழுப்பு கல்லுக்குள் இறங்கிவிடுவதால் அழிப்பது எளிதல்ல, ஆனால் சுரண்டுகத்தியின் முனையால் கல்லின் மேற்பரப்பையே கீறி ஒரு மெல்லிய வெண்கோட்டை எடுக்கலாம். கண்மணியில் மின்னும் ஒற்றைப் புள்ளி, நரைத்த தாடியில் பிரிந்து நிற்கும் ஓரிழை, பட்டுக் கழுத்துப்பட்டியின் மடிப்பு ஆகியவற்றில் இந்தக் கீறலைத் தேடிப் பார்க்க வேண்டும். ஸ்பானிய ஓவியர் கோயா தன் கடைசி ஆண்டுகளில் பிரான்சின் போர்தோ நகரில் தன் அச்சாளர் கோலோனின் முகத்தை வரைந்தபோது இதே கருவியை மிகுந்த துணிவுடன் பயன்படுத்தினார். கிரீஹூபரிடம் அது அடக்கமான பணிவுடன் வருகிறது. சில படங்களுக்கு வெளிர்மஞ்சள் நிறத்தில் இரண்டாவது கல் ஒன்றும் உண்டு. அந்த மென்னிறத்தில் வெளிச்சப் பகுதிகளை மட்டும் விட்டிருந்தால் முகத்துக்கு மூன்றாவது நிலை ஒன்று கிடைத்துவிடும்.

அவருடைய குறையை மறைத்து வாங்கக் கூடாது. கிரீஹூபர் வரைந்த எல்லோரும் அழகர்கள். தோலில் தழும்பு இல்லை, கண்ணுக்குக் கீழே களைப்பு இல்லை, பெண்களின் கழுத்துகள் ஒரே நளினத்தில் வளைகின்றன. காசு கொடுத்தவரைத் திருப்திப்படுத்தும் ஓவியம் என்ற குற்றச்சாட்டை முழுவதும் மறுக்க முடியாது. ஜேர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1930களில், தன் அறுபதுகளிலும் எழுபதுகளிலும், கல்லச்சில் செய்த தன்னுருவப்படங்களை அவற்றின் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு துலங்கும். கிரேயோனின் அகன்ற பக்கத்தால் இழுத்த சில கனத்த தடவல்களில் அவர் முதுமையையும் துயரையும் எந்தச் சமரசமும் இல்லாமல் சொல்லிவிட்டார். மாணவர்களுக்குக் கோல்விட்ஸை நூல்களிலும் திரையிலும் காட்டியே ஆக வேண்டும். அவருடைய முரட்டுத் தடவலின் துணிவு விளங்குவதற்கே, கட்டுப்பாடான தடவல் எப்படியிருக்கும் என்பதை முதலில் அசல் தாளில் பார்த்திருக்க வேண்டும் என்பதால்தான் கிரீஹூபரைச் சுவரில் வைக்கச் சொல்கிறேன்.

வாங்கும்போது படிக்குப் படி வேறுபாடு இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. அமிலம் மிகுந்துபோன கல்லில் கன்னத்தின் மெல்லிய நிழல் எரிந்து, முகம் வெளிறி, மூக்கு மட்டும் தனியே நிற்கும். அமிலம் குறைந்த கல்லில் நிழல்கள் அடைத்துக்கொண்டு, கறுப்பு மேலங்கி மடிப்பே இல்லாத ஒரு பாளமாகும். ஆகவே வணிகர் அனுப்பும் ஒளிப்படத்தில் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு இடங்கள்: காதுக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள இளநிழல், மேலங்கியின் ஆகக் கறுத்த மடிப்பு. முன்னதில் துகள்கள் விடுபடாமலும் பின்னதில் மடிப்பு மறையாமலும் இருந்தால் அச்சாளர் தன் வேலையைச் செய்திருக்கிறார். மெல்லிய சீனத் தாளைத் தடித்த தாளின்மேல் ஒட்டி எடுத்த படி கிடைத்தால் அதையே தேர்க, ஏனெனில் அந்த மெல்லிய தாள் நுண்துகள்களை முழுமையாக வாங்கிக்கொள்ளும். செப்புத் தகட்டுப் படங்களில் காணும் தகட்டின் அழுத்தத் தழும்பு கல்லச்சில் இராது. இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். ஒழுங்கான புள்ளிவலை தெரிந்தால் அது பிற்கால மறுபதிப்பு, எந்த விலைக்கும் வேண்டாம். விளிம்புகள் வெட்டப்படாமல், கீழே ஓவியரின் கையொப்பமும் ஆண்டும் அச்சகத்தின் பெயரும் முழுதாக இருப்பது நல்லது.

புதிதாக ஒரு கொழும்பு ஓவியரைக் கொண்டு நம்மவர் ஒருவரின் முகத்தைக் கல்லில் வரையச் செய்யலாமே என்ற ஆறாவது யோசனையும் பேச்சில் வந்தது. அதை நான் மனதார வரவேற்கிறேன், ஆனால் அது அடுத்த நன்கொடைக்குரியது. அந்த வேலையைக் கேட்டு வாங்குவோர், கேட்பது என்ன என்பதை முதல் படத்திலிருந்து கற்றிருப்பார்கள்.

மாட்டும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடற்காற்றும் ஈரமும் தாளில் பழுப்புப் புள்ளிகளையும் பூஞ்சணத்தையும் விரைவில் உண்டாக்கும். வெளிச்சுவர் வேண்டாம், யன்னலுக்கு எதிர்ச்சுவரும் வேண்டாம். அமிலமற்ற மட்டையில் ஏற்றி, கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிட வேண்டும். கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மாட்டினால் முதியவர்களும் மாணவர்களும் நெருங்கிப் பார்க்கலாம், பக்கத்தில் ஒரு உருப்பெருக்கியைச் சங்கிலியில் தொங்கவிடலாம்.

யாருடைய முகம் என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. வாசிகசாலைக் குழுவில் பலர் லிஸ்ட்டின் படத்தை விரும்புகிறார்கள், பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும் என்பது அவர்கள் வாதம். பெயர் தெரிந்த முகத்துக்கு விலை பல மடங்கு ஏறும். அதே பணத்துக்குக் கிடைக்கும் படி தேய்ந்ததாகவோ விளிம்பு வெட்டியதாகவோ இருக்கும். அத்துடன், பெயரை வாசித்தவுடன் பார்ப்பவரின் கண் ஓவியத்தை விட்டுத் தான் அறிந்த மனிதரைத் தேடத் தொடங்கிவிடும். இன்று எவரும் நினைவுகூராத ஒரு வியன்னா வைத்தியரின் அல்லது ஒரு குடும்பப் பெண்ணின் படத்தை, 1840களின் நல்ல படியாக, சீனத் தாளில், முழு விளிம்புடன் வாங்கும்படியே நான் குழுவுக்கு எழுதியிருக்கிறேன்.